மெட்ராஸ் போன பிறகும் மெட்ராஸ் ரோடு

போன வாரம் சென்னையிலிருந்து வந்த அக்கா மகன், பெங்களூருவில் ஸ்வாமி விவேகானந்தா ரோடு மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கிப் போன் செய்தான். "மாமா, ஓல்ட் மெட்ராஸ் ரோடு எங்கே இருக்கு? மேப் இங்கேதான்னு காட்டுது, போர்டுல வேற பேர் போட்டிருக்கு." நான் வாய் திறப்பதற்குள் அவன் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பூக்கார அம்மாவின் குரல் போனிலேயே கேட்டது: "நீ நிக்கிறதே அதுலதான் கண்ணு."

ரெண்டும் ஒரே ரோடுதான். காகிதத்தில் விவேகானந்தர், வாயில் மெட்ராஸ். அல்சூரில் பிறந்து வளர்ந்த நான், ஒரு ஆட்டோக்காரர்கூட "விவேகானந்தா ரோடு வர்றீங்களா" என்று கேட்டுப் பார்த்ததில்லை. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது. பெங்களூர் 2014இல் பெங்களூரு ஆனது. இந்த ரோட்டுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போல.

பெயர் மாற்றினாலே ஒட்டாது என்று சொல்ல வரவில்லை. சவுத் பரேடு 1948இல் எம்.ஜி. ரோடு ஆனது, இன்றைக்கு யாருக்கும் பழைய பேர் தெரியாது. கேவல்ரி ரோடு காமராஜ் ரோடு ஆனதும் அப்படித்தான். வெள்ளைக்காரன் பரேடு நடத்திய இடம், குதிரைப்படை இருந்த இடம் என்பதெல்லாம் நமக்கு எந்த வழியையும் காட்டவில்லை, அதனால் விட்டுவிட்டோம். ஓசூர் ரோடு, மைசூர் ரோடு, தும்கூர் ரோடு, பல்லாரி ரோடு எல்லாம் வேறு ரகம். எந்த ஊருக்குப் போகிறதோ அதுவே பேர். அந்தப் பேரை எடுத்தால் வழியையே எடுத்த மாதிரி. சென்னைக்காரர்களும் அந்தப் பக்கத்தில் நின்று பெங்களூர் ஹைவே என்றுதானே சொல்கிறார்கள்?

இந்த வழி நமக்கு முன்னாலேயே பலருக்குத் தெரியும். கார்ப்பரேஷன் பக்கம் அல்சூர் கேட் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அல்சூர் இருப்பதோ அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. மதில் சூழ்ந்த பழைய ஊரான பேட்டையின் கிழக்கு வாசல் அது, அல்சூருக்குப் போகும் வாசல் என்று பேர். 1791 மார்ச்சில் வெள்ளைக்காரத் தளபதி கார்ன்வாலிஸின் படை கோலார், ஹொசகோட்டே வழியாக வந்து அந்த வாசலை உடைத்துத்தான் உள்ளே நுழைந்தது. 1809இல் தண்டு, அதாவது வெள்ளைக்காரனின் கன்டோன்மென்ட், வந்தது. சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், வியாபாரி என்று நம் தமிழ் ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு ஸ்டேஷனுக்கு ரயில் விட்டதும் மெட்ராஸ் பயணம் ரோட்டைவிட்டு தண்டவாளத்துக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் இது மெட்ராஸுக்குப் போகும் ரோடே இல்லை. என் அம்மாவின் ஊர் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல், அதில் சாம்பியன் ரீஃப். சின்ன வயதில் லீவு விட்டால் பஸ்ஸில் டின் ஃபேக்டரி (அங்கே ஒரு டின்னையும் நான் பார்த்ததில்லை), கே.ஆர். புரம், ஹொசகோட்டே, கோலார். ஹொசகோட்டேயில் பஸ் நின்றதும் ஜன்னல் வழியே வெள்ளரிக்காய்க் கூடை ஏறும். நாலாக வகுந்து, நடுவில் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, பேப்பரில் சுற்றித் தருவார்கள். சாறு முழங்கை வரை வழிந்து, அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டு கோலார் வரை நான் அழுதுகொண்டே போன கதையைப் பாட்டி சாகும்வரை சொன்னார். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் மாமாக்கள் எதிர்த்திசையில், வேலைக்காக இங்கே வர ஆரம்பித்தார்கள்.

என் கோரிக்கை சின்னது. விவேகானந்தர் பேர் இருக்கட்டும், அவர்மேல் யாருக்கு என்ன கோபம்? ஸ்டேஷன் போர்டில் கீழே ஒரு வரி, ஜனங்கள் சொல்லும் பேரையும் கன்னடத்தில் "ஹளே மத்ராஸ் ரஸ்தே" என்று எழுதிவிடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவன் பூக்கார அம்மாவையே நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இப்போது காரில் சென்னை போகிறவர்கள் பெரும்பாலும் ஓசூர் ரோட்டைத்தான் பிடிக்கிறார்கள். கிருஷ்ணகிரி, வேலூர் என்று போய்விடலாம். அதனால் பேரில் இருக்கும் "ஓல்ட்" நியாயமானதுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் புது சென்னை எக்ஸ்பிரஸ்வே ஹொசகோட்டேயில்தான் தொடங்குகிறது. கர்நாடகத்துப் பங்கு 71 கி.மீ., கே.ஜி.எஃப். பக்கத்தில் பேத்தமங்களா வரை வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. மீதியும் திறந்தால், சென்னை போக மறுபடியும் இதே ரோட்டில் ஏற வேண்டும். அப்போது அந்த "ஓல்ட்"டை என்ன செய்வதாம்?