பிளேடு செல்லும் திசையே முக்கியம்

கால்களை மழிக்கும்போது எரிச்சல் வராமலிருக்க நல்ல ஷேவிங் கிரீம் தடவினால் போதும் என்ற தொனியில், நான் படித்த ஒரு கட்டுரை அமைந்திருக்கிறது. கிரீம் தேவைதான், ஆனால் பிளேடு எந்தத் திசையில், எத்தனை முறை தோலின் மீது செல்கிறது என்பதே முதன்மையானது என்று கருதுகிறேன். முடி வளரும் திசைக்கு எதிராக, தோலை இழுத்துப் பிடித்து மழித்தால் கூடுதல் வழவழப்பு கிடைக்கும் என்பது உண்மையே. எனினும் அவ்வாறு வெட்டப்பட்ட முடியின் கூர்நுனி தோல் மட்டத்திற்குக் கீழே சென்றுவிடுவதால், மீண்டும் வளரும்போது வெளியே வர வழியின்றி உள்ளேயே வளைந்து, அரிப்புடன் கூடிய சிவந்த சிறு கட்டிகளை உண்டாக்குகிறது. சுருள் முடி உள்ளவர்களுக்கு இத்தொல்லை அதிகம். ஆகவே குளியலின் இறுதியில், வெதுவெதுப்பான நீரில் முடி மென்மையான பிறகு, ஷேவிங் கிரீமோ ஜெல்லோ தடவி, முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் மழிப்பது நல்லது. ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் பிளேடை அலசுவதும், 5 முதல் 7 முறை பயன்படுத்திய பின் அதை மாற்றிவிடுவதும் அவசியம்; மழுங்கிய பிளேடில் சிக்கனம் பார்ப்பதை (பலரும் செய்வதுதான்) என்னால் ஏற்க இயலவில்லை. பிறகு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போதும். ஆல்கஹால் கலந்த லோஷன் எரிச்சலைக் கூட்டவே செய்யும். ஏற்கெனவே இத்தகைய கட்டிகள் இருப்பின், அவை ஆறும்வரை ரேசரைத் தொடாமலிருக்க வேண்டும்.