பிடுங்குவதற்கு முன் கேளுங்கள்

நேற்று முன்தினம் நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த, பள்ளிச் சீருடையில் ஒரு பையன் அடிபடும் சண்டைக் காணொளியையும் அதற்குக் கீழே நீண்ட உரையாடலையும் பலர் பார்த்திருப்பீர்கள். "இதையெல்லாம் பிள்ளை பார்க்கிறான் என்றால் வளர்ப்பு சரியில்லை, கைப்பேசியைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே" என்று எழுதியவர்களில் சிலரே அந்தக் காணொளியை வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அது என்னை மிகவும் புண்படுத்தியது.

பிடுங்கிப் பார்த்தவள் நான். சென்ற ஆண்டு தொடக்கநிலை ஐந்தில் படித்த என் மகன், நண்பன் அனுப்பிய அத்தகைய காணொளியொன்றை இரவில் போர்வைக்குள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தையும் கேட்காமல் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு கத்தினேன். மூன்று வாரம் கழித்து, மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது அவனாகவே சொன்னான்: "கீழே விழுந்த அண்ணனை யாருமே தூக்கிவிடலம்மா. எல்லாரும் போனைத்தான் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க." அவன் சண்டையை ரசிக்கவில்லை, தனக்கு அப்படி நேர்ந்தால் யார் வருவார்கள் என்று அஞ்சியிருக்கிறான். அந்த அச்சத்தோடு மூன்று வாரம் அவனைத் தனியே விட்டவள் நான்தான்.

"அப்படியானால் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். இல்லை. 7 முதல் 12 வயதுவரை, பாடம் சாராத திரைநேரம் நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும் என்ற சிங்கப்பூர் சுகாதார அமைச்சின் வழிகாட்டுதலை எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கிறோம். டிக்டாக் கணக்குக்கு 13 வயதாக வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் பள்ளிப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரனின் கைப்பேசிக்கு நான் எப்படிப் பூட்டுப் போடுவேன்? சமூக ஊடகங்களில் தீங்கான பதிவுகளைத் தடுக்க 2023 பிப்ரவரியில் இங்கே நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டமும் தனிப்பட்ட உரையாடல்களுக்குள் நுழைவதில்லை. ஆகவே முதலில் கேளுங்கள்: யார் அனுப்பினார்கள், பார்த்தபோது மனத்துக்கு எப்படி இருந்தது, அதில் இருப்பவர்களை உனக்குத் தெரியுமா. கத்தினால் இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காது. தெரிந்த பிள்ளை என்றால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லலாம்.

வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் களைப்பு எனக்கும் உண்டு. ஆனாலும் கத்துவதற்கு எனக்கு நேரம் இருந்ததே.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் குழுவுக்கு வந்த காணொளியில் அடிபடும் பையனின் முகமும் பள்ளிச் சீருடையும் தெளிவாகத் தெரிகின்றன. அவனைப் பெற்றவள் தன் கைப்பேசியிலும் அதைப் பார்த்திருக்கக்கூடும். அனுப்பியவர்கள் தயவுசெய்து இன்றே அதை அழித்துவிடுங்கள். நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.