லாரி சத்தத்துக்கு நடுவிலும் முடியும்
தியானத்துக்கு அமைதியான இடம் வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, சரி, தண்டையார்பேட்டையில் அதற்கு எங்கே போவது? ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. நான் மொட்டை மாடியில்தான் சீகுங் செய்கிறேன், மூச்சோடு சேர்த்து மெதுவாக அசையும் சீனப் பயிற்சி அது; அதில் பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுகள், சீனாவில் சோங் வம்சக் காலத்திலேயே இருந்தவை. முதல் அசைவில் விரல்களைக் கோத்து வானத்தைத் தாங்குவதுபோல் கைகளைத் தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே, முழங்காலை மட்டும் விறைப்பாக வைக்கக் கூடாது. அப்புறம் 10 நிமிஷம் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பேன். ஹாரன் கேட்டால் கேட்கட்டும், மனசு அதன் பின்னால் போய்விட்டது என்று தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புவதுதானே பயிற்சியே! பிரஷர் மாத்திரை சாப்பிடும் எங்கள் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளைத் தூக்கிச் செய்கிறார், மாத்திரையை நிறுத்தவில்லை, இதை நம்பி யாரும் நிறுத்தவும் கூடாது.