நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு நாள் குப்பை வண்டியோடு நடங்கள்

எங்கள் தெருவில் குப்பையைப் பிரித்துக் கொடுக்கவைப்பது எப்படி என்று போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் மொட்டைமாடியில் கூடிப் பேசினோம். முதல் அரை மணி நேரம் வந்ததெல்லாம் பழைய யோசனைதான். இன்னொரு நோட்டீஸ், இன்னொரு பலகை, பிரிக்காதவர்களுக்கு அபராதம். வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. மக்குவது எது, மக்காதது எது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாதவரிடம் அதையே திரும்பச் சொல்லி என்ன பயன்?

முந்தைய வாரம் நான் தூய்மைப் பணியாளர் அக்காவோடு இரண்டு நாள் காலையில் தெருமுனை வரை நடந்திருந்தேன். இறுக்கிக் கட்டிய கவர் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்க்கிறார். ஒரு கவரில் சாம்பார் சோற்றோடு உடைந்த கண்ணாடி டம்ளர். காகிதத்தில்கூடச் சுற்றவில்லை. அவர் கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது.

வண்டி வருவது ஏழேகாலுக்கு. அப்போதுதான் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுகிறார்கள், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. அதனால் ராத்திரியே எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி கேட்டில் மாட்டிவிடுகிறார்கள். கீழே வைத்தால் நாய் கிளறிவிடும். சமையல் மேடைக்கு அடியில் சிலிண்டர் போக ஒரு வாளிக்குத்தான் இடம். இவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சொன்னதும் பேச்சே மாறியது. மக்காததை மட்டும் பால்கனியில் ஒரு சாக்கில் சேர்த்து வாரம் ஒருமுறை கொடுக்கலாம் என்றார் ஒருவர். கேட்டில் உயரமாக ஒரு கொக்கி, அதில் மூடி போட்ட வாளி என்றார் இன்னொருவர். ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டி, "அடுத்த தெருவ முதல்ல முடிச்சிட்டு இங்க எட்டரைக்கு வரட்டுமே" என்றார். அதுவரை யாருக்கும் தோன்றவில்லை!

நீலகிரியில் நடந்ததும் இதுதான், ஆட்களைத் திட்டாமல் முறையை மாற்றினார்கள். காட்டோரம் வீசிய மதுபாட்டில்கள் உடைந்து வனவிலங்குகளின் காலைக் கிழித்தன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. ஒருவர் வீசிப் போனாலும் அதைப் பொறுக்கிக் கொடுக்க இன்னொருவருக்குக் காரணம் கிடைத்தது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்ததும் அப்படித்தான். பையை மறந்தவருக்கு அங்கேயே பை. எங்கள் தெருவில் காசு வேலைக்காகாது என்று நினைக்கிறேன், இங்கே தட்டுப்பாடு நேரத்துக்குத்தான்.

எட்டரை மணி பற்றி மேற்பார்வையாளரிடம் கேட்க நாளை போகிறோம். அக்காவிடம் உங்களுக்கு முதலில் எது மாற வேண்டும் என்று கேட்டேன். "கண்ணாடிய மட்டும் தனியா குடுக்கச் சொல்லு கண்ணு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். சரி, அதிலிருந்தே தொடங்குகிறோம். தெருமுனை மளிகைக் கடை வாசலில் உடைந்த கண்ணாடிக்கென்று ஒரு பழைய பெயிண்ட் டப்பா வைத்தாயிற்று.