அண்டி ஆபீஸ் கைகளுக்கு ரேகை எங்கிருந்து வரும்?

சனிக்கிழமை ரேஷன் கடையில் விரல்ரேகை எந்திரத்தில் விழவில்லை என்று ஒரு பாட்டியை அரிசி கொடுக்காமல் திருப்பி அனுப்பியதை நாலு வரியில் போட்டதற்கு கமெண்டில் பாதிப்பேர் என்னைத்தான் திட்டியிருக்கிறீர்கள். சரி, விரிவாகவே எழுதுகிறேன். அந்தப் பாட்டி விரல்களை மாற்றி மாற்றி வைத்தார், சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார், கடைசியில் "இது எனக்க கைதானே மக்களே" என்று கேட்டார். நாளைக்கு வாங்க பாட்டி என்று அனுப்பிவிட்டார்கள். அது அவருக்கு மூன்றாவது நடை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த மாதக் கணக்கில் அந்தப் பாட்டி எங்கே? அரிசி வாங்கியவர்கள் எல்லாரும் கணினியில் இருக்கிறார்கள். விரல் எத்தனை தடவை தோற்றது என்பதுகூட எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். வெறும் பையோடு திரும்பி நடந்தது மட்டும் எதிலும் இருக்காது. மாதம் முடிந்து பார்க்கிறவருக்கு அவர் பொருள் வாங்க வராதவராகத்தான் தெரிவார்.

என் அம்மா இருபத்திரண்டு வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல்நுனி கறுத்து உரியும். மீன்குழம்பு பட்டால் எரியும் என்று சோற்றை எங்களைத்தான் பிசைந்து தரச் சொல்வார். 2020 அக்டோபரில் கடைகளில் ரேகை கேட்க ஆரம்பித்தபோது அவருக்கும் விழவில்லை, கார்டில் என் பெயர் இருந்ததால் நான் விரல் வைத்தேன், அரிசி வந்தது. மகன் வெளிநாட்டிலும் மகள் கட்டிக்கொடுத்த ஊரிலும் இருக்க, தனியாகக் கிடக்கிற கிழவிக்கு யார் விரல் வைப்பது? விளவங்கோடு, கல்குளம் பக்கம் அண்டியும் ரப்பர் பால்வெட்டும், கடற்கரையில் வலையும் மீனும், இந்தக் கன்னியாகுமரி மாவட்டமே விரலைத் தேய்த்துத்தான் சாப்பிடுகிறது. இங்கே ஒரு வாரம் நின்று பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.

கம்ப்யூட்டருக்கே எதிரி என்று ஒருவர் எழுதியிருந்தார், அது வலித்தது. ஒன்பது வருடம் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவன் நான். சாயங்காலம் ஆனால் "இன்னைக்கு எத்தனை என்ட்ரி" என்று கேட்பார்கள். எத்தனை சரி என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003லேயே, வளரும் நாடுகளில் அரசு வேலைகளைக் கணினிக்கு மாற்றும் மின் ஆளுமைத் திட்டங்களில் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் பாதித் தோல்வி, 15 சதவீதம்தான் வெற்றி என்று தோராயமாக மதிப்பிட்டார். வடிவமைத்தவர் மனதில் இருக்கும் அலுவலகம் வேறு, ஊரில் நிஜமாக இருக்கும் அலுவலகம் வேறு என்பதுதான் அவர் காட்டிய காரணம்.

விரல்ரேகையே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆந்திராவில் நூறுநாள் வேலைக் கூலிக்கும் பென்ஷனுக்கும் ரேகை அட்டை கொடுத்ததை பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் ஆராய்ந்தார்கள். பணம் சீக்கிரம் வந்தது, இடையில் ஒழுகியது குறைந்தது. அங்கே அட்டை கிடைக்காதவர்களுக்குப் பழைய முறையில் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் ரேகையைக் கட்டாயமாக்கியதையும் அவர்களே பார்த்தார்கள். அங்கே ஒழுகல் சராசரியாகக் குறையவில்லை, ஆதார் இணைக்காத வீடுகளுக்குக் கிடைத்ததுதான் குறைந்தது. நிறுவியதோடு விடாமல் போய் அளந்ததால்தான் இந்த வித்தியாசமே தெரிந்தது. நான் கேட்பதும் அதைத்தான், போய் அளந்து பாருங்கள்.

அப்புறம் கடத்தல். அதைத் தடுக்கத்தானே ரேகை, கேரளாவுக்கு அரிசி போவது தெரியாதா என்கிறார்கள். தெரியும், எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டாதவனா நான்? ரேகை வந்த பிறகும் அங்கே ரேஷன் அரிசி பிடிபட்டுக்கொண்டுதானே இருக்கிறது? மூட்டை மூட்டையாகப் போகிற அரிசிக்கு ஒரு பை அரிசி வாங்க வந்த பாட்டி எப்படிப் பொறுப்பாவார்?

ரேகை விழாவிட்டாலும் பொருள் கொடுக்கவேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறதே, கடையில் இருப்பவர் தப்புதானே என்றார் ஒரு தம்பி. அது நியாயமான கேள்வி. ஆனால் ரேகை இல்லாமல் ஏன் கொடுத்தாய் என்று நாளைக்குக் கணக்குக் கேட்டால் கடையில் இருக்கும் அக்காதான் பதில் சொல்லவேண்டும். கொடுக்காததற்கு அவரை யாரும் கேட்கப்போவதில்லை.

எங்கள் பட்டாவிலும் இதுதான் நடந்தது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம், தாத்தாவின் பிரமாணம், அதாவது நிலப்பத்திரம், முழுக்க மலையாளத்தில் இருக்கிறது. கணினிக்கு ஏறும்போது அவர் பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டது. பதினான்கு மாதம் அப்பா நடந்தார். கடைசியில் ஆன்லைனில் 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது, ஏன் என்று விசாரிக்கப் போனால் உங்கள் மனு முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் கணக்கில் முடிக்கப்பட்ட மனுக்களில் அதுவும் ஒன்று. அந்த எழுத்தை இன்னும் திருத்தவில்லை, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது, பரவாயில்லை. அடுத்த மாதம் அந்தக் கடை வாசலில் ஒரு நோட்டோடு நிற்கப்போகிறேன். பெயரெல்லாம் வேண்டாம். எத்தனையாவது நடை, என்ன வேலை பார்த்த கை, பொருள் கிடைத்ததா, அவ்வளவுதான் எழுதப்போகிறேன். கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் கடையிலும் ஒருநாள் நிற்க முடியும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.