கருவி பொய் சொல்லவில்லை

நேற்றைய கூட்டத்தில் அந்த மாணவியின் அளவீடுகளுக்கு நேர்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஒரே மண்ணின் மூன்று மாதிரிகளுக்கு மூன்று விடைகள் வந்தன என்பதற்காக, ஆவியழுத்தத்தைக் கொண்டு நீர் உள்ளார்ந்த திறனை, அதாவது மண் நீரை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதை, அளக்கும் கருவிகளையே நம்பக்கூடாது என்று ஒரு மூத்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த வரி தவறு, அவ்வளவுதான்.

மூடிய சிற்றறைக்குள் மண்ணை வைத்தால், அதன் நீரும் மேலிருக்கும் ஆவியும் சமநிலைக்கு வருகின்றன. மண் நீரை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஆவியழுத்தம் குறையும். உள்ளிருக்கும் சிறு கண்ணாடியைக் குளிர்வித்து, அதில் பனி படியும் வெப்பநிலையையும் மாதிரியின் வெப்பநிலையையும் ஒப்பிட்டே கருவி அந்தக் குறைவைக் கணக்கிடுகிறது. பயிர் வாடி மீளாத நிலை என்று நாம் கொள்ளும் −1.5 மெகாபாஸ்கலில்கூட (இது அழுத்த அலகு, எண் சுழியிலிருந்து கீழே இறங்க இறங்கப் பிடி இறுகுகிறது) ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 98.9 விழுக்காடு, பயிருக்கு எட்டும் நீரின் கதை முழுவதும் மீதமுள்ள ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 25 டிகிரி செல்சியஸில் அந்த இரு வெப்பநிலைகளின் வேறுபாட்டில் ஒரு டிகிரி பிசகினால் விடை ஏறத்தாழ 8 மெகாபாஸ்கல் தவறும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது வெப்பநிலையைத்தான், கருவியை அல்ல.

நானும் ஒருகாலத்தில் கருவியைத்தான் குறை சொன்னேன். கருவியைச் சரிபார்க்க வைக்கும், −2.2 மெகாபாஸ்கல் காட்டவேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் காட்டியது. மாதிரிக் கிண்ணத்தை உள்ளங்கைக்குள் பொத்தி எடுத்துவந்தது நான்தான் என்பது மாலையில்தான் உறைத்தது. மூடியிட்டுக் கருவியின் அருகிலேயே வைத்துக் காத்திருந்த பிறகு எண் நிலைத்து நின்றது.

"சாதாரண ஈரப்பதமானி போதாதா?" என்பார்கள். போதாது, இரண்டு விழுக்காடு பிழையுள்ள மானிக்கு அந்த ஒரு விழுக்காடு கண்ணிலேயே படாது. "நனைந்த மண்ணில் இம்முறை சரிவராதே" என்பது நியாயமான எதிர்ப்பு. அங்கே மண்ணில் செருகி நீரின் இழுவிசையை நேராக அளக்கும் டென்சியோமீட்டர்தான் சிறந்தது, ஆனால் −0.08 மெகாபாஸ்கலை ஒட்டி அதுவும் நின்றுவிடும், வறண்ட மண்ணில் வேறு வழி தேடித்தான் ஆகவேண்டும். "காத்திருக்க யாருக்கு நேரம்?" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, வருத்தம்தான் உண்டு.

அந்தப் பெண் மாதிரிகளைக் குளிரறையிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் வெளியில் வைத்திருந்தாள் என்று அந்த அரங்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் இரவெல்லாம் உறுத்தியது. நாளைக் காலை அவளுடன் அமர்ந்து அதே மூன்று மாதிரிகளையும் கருவியின் வெப்பநிலைக்கு வரும்வரை வைத்திருந்து மீண்டும் அளக்கப்போகிறேன். அந்த மூத்தவரும் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.