காசு வேற, கேஷ் வேற பெரியப்பா!

காலை ஐந்தே முக்கால். பால்காரர்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் குத்துவிளக்குப் படம் போட்ட ஒரு பார்வர்டு வந்து விழுகிறது. 'காசு என்ற தமிழ்ச் சொல்லைத் திருடித்தான் வெள்ளைக்காரன் கேஷ் என்று வைத்துக்கொண்டான். தமிழன் என்றால் பகிரவும்.' அனுப்பியவர் சத்துவாச்சாரி பெரியப்பா. இதோடு பதினோரு தடவை ஆகிவிட்டது, எண்ணி வைத்திருக்கிறேன்.

பத்து தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனேன். இன்றைக்கு முடியவில்லை.

கடையில் 'கேஷா, ஜிபேயா?' என்று கேட்கிறார்களே, அந்த கேஷுக்கும் நம்ம காசுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. அது பிரெஞ்சில் 'காஸ்', இத்தாலியனில் 'காஸ்ஸா', அதற்கும் முன்னால் லத்தீனில் 'காப்ஸா'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: பெட்டி. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷுக்குள் நுழைந்தபோது அது பணம் வைக்கிற பெட்டியைக் குறித்தது. அப்புறம் பெட்டியின் பெயர் உள்ளே இருக்கிற பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? 'இன்னைக்குக் கல்லா எவ்வளவு?' என்று நாம் கேட்கும்போது பெட்டியின் விலையையா கேட்கிறோம்? வேலூரில் தெருவுக்கு நாலு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே வாங்குகிற கேப்ஸ்யூலும் அந்தப் பெட்டியின் குட்டிதான். லத்தீனில் அதற்குச் 'சின்னப் பெட்டி' என்று அர்த்தம்.

இவ்வளவுதானே, பெரியப்பா ஆசைக்கு விட்டுவிட்டுப் போயேன் என்பீர்கள். எனக்கு வயிறு எரிவதே வேறு காரணத்துக்கு. காசிலிருந்து போன கேஷ் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது! இங்கிலீஷ் அகராதியில் கேஷ் என்று இரண்டு தனித்தனிச் சொற்கள். முதலாவது மேலே சொன்ன பெட்டி. இரண்டாவது, நாணயத்தின் பெயர். நம்ம கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் காசு என்பதைக் காதில் வாங்கி 'கைஷா' என்று எழுதினார்கள். அவர்கள் மொழியிலும் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி, குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்து கேஷ் ஆக்கினார்கள். அதோடு நின்றதா? நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனத்துச் செப்புக் காசு இருக்கிறதே, அதற்கும் இங்கிலீஷில் இன்றுவரை கேஷ் என்றுதான் பெயர். சீனாக்காரன் காசுக்கு நம்ம ஊர்ப் பெயர்! பீற்றிக்கொள்வதென்றால் இதைப் பீற்றிக்கொள்ளலாமே. தங்கத்தை விட்டுவிட்டு எதற்குக் கவரிங்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

தாத்தா லாங் பஜாரில் கடை வைத்திருந்தவர். அவருடைய கல்லாப்பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது, மூடியில் காசு போட நீளமாக ஒரு ஓட்டையோடு. உள்ளே துணியில் முடிந்து ஒரு செப்புக் காசு. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை, 1808 என்று வருஷம். மறுபக்கம் இங்கிலீஷில் ரோமன் எண் இருபதும் கேஷ் என்ற சொல்லும். அதற்கு மேலே பாரசீக எழுத்து. பக்கத்துத் தெரு பாய் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துச் சொன்னார்: 'இருபது காஸ், நாலு பலூஸ்.' பலூஸ் என்பதும் செப்புக் காசுதான். ஆனால் காஸ்! பாரசீகத்தில் எழுதும்போதும் நம்ம காசுதான். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு என்பது அன்றைய மதராஸ் கணக்கு. அந்தப் பணத்தையும் விடாமல் இங்கிலீஷில் 'பணாம்' என்று 'எஃப்' போட்டு எழுதினார்கள். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான். இதற்கு நடுவில் ஆற்காடு ரூபாய் வேறு. ஒரு வராகனுக்கு 3360 காசு என்று எழுதிக் கூட்டிய கணக்குப்பிள்ளைகள் ராத்திரி எப்படித்தான் தூங்கினார்களோ. இதே 1808ஆம் வருஷத்துக் காசுகளை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே புயலில் முழுகிப்போனது. நம்ம பெட்டிக்குள் கிடப்பது எந்தக் கப்பலில் வந்து சேர்ந்ததோ.

காசு என்ற சொல்லின் வயசுக்கு வெள்ளைக்காரன் சான்றிதழ் எதற்கு? கிளி அலகில் பிடித்த வேப்பம்பழத்துக்குப் பொன்நகையில் கோக்கிற காசை உவமை சொல்கிறது குறுந்தொகை. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டெல்லாம் காசு கணக்குதான்.

இதில் இன்னொரு வகை பார்வர்டு இருக்கிறது, ரத்தக் கொதிப்பை ஏற்றுவது. 'ஒன்று' தான் 'ஒன்' ஆனதாம், 'எட்டு' தான் 'எயிட்' ஆனதாம். இன்றைக்குக் காதில் விழுவதை வைத்து முடிச்சுப் போட்டால் எதையும் எதோடும் கட்டலாம். ஒன் என்பது பழைய இங்கிலீஷில் 'ஆன்', லத்தீனில் 'ஊனுஸ்'. எயிட்டின் லத்தீன் உறவுக்காரன் 'ஆக்டோ', ரோமானியரின் பழைய எட்டாவது மாதமான அக்டோபரில் இருப்பவன். எட்டுக்கு அந்த வீட்டில் பெண் எடுத்த உறவுகூடக் கிடையாது.

நிஜமாகவே நம்மிடமிருந்து போனவை எத்தனை! சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர். ஏன், அணைக்கட்டு! ஆற்றின் குறுக்கே கட்டும் தடுப்புக்கு இங்கிலீஷ் அகராதியிலேயே 'அனிகட்' என்று ஒரு சொல் உண்டு, அது நம்ம அணைக்கட்டு. வேலூரிலிருந்து அணைக்கட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறித்தான் பெரியப்பா இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் வாங்கப் போவார். ஆதாரம் பஸ் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. மனுஷன் அதைப் பார்க்காமல் குனிந்து போனில் பார்வர்டு பண்ணிக்கொண்டிருப்பார்.

போன முகூர்த்தத்தில் காட்பாடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை அவருடையது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, எதிர் வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாப்பா நீ, நாலு எழுத்து படிச்சிகினு நம்ம பாஷையவே மட்டம் தட்டினுகீற?" என்றார். எதிர் வரிசையில் மூன்று பேர் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பாயசம் கொண்டுவந்த பையன்கூட என் இலையைத் தாண்டிப் போய்விட்டான். தமிழ்த் துரோகிக்கு எதற்குப் பாயசம்!

நான் மட்டம் தட்டவில்லை பெரியப்பா. இருக்கிறதைத்தான் சொன்னேன். வாயால் சொன்னால் எடுபடாது என்று, அன்று ராத்திரியே தாத்தா காசை ஜன்னலோரம் வைத்து இரண்டு பக்கமும் படம் பிடித்து, விவரமெல்லாம் பத்து வரியில் எழுதிக் குழுவில் போட்டேன். பெரியப்பா உடனே இதயம் போட்டார். எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது. என் படம்தான், என் ஜன்னல் கம்பியின் நிழல்கூட அப்படியே இருக்கிறது. பத்து வரியைக் காணோம். மேலே குத்துவிளக்கு, கீழே மஞ்சள் எழுத்து: 'மூவாயிரம் ஆண்டு பழமையான தமிழன் நாணயம். தமிழன் என்றால் பகிரவும்.' காசின் மேல் 1808 என்று பளிச்சென்று தெரிகிறது.